பூதத்தாழ்வார் அவதரித்த மண்ணில் கார்த்திகை நடவு

'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பது பழமொழி. இவ்விரு திங்களையும் சேர்த்துக் கூதிர்காலம் என்று முன்னோர் வகுத்தனர். குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் முடியும் தறுவாய் இது. உறைபனி விழுவதற்குள் அங்குள்ளோர் பூண்டையும் பூக்கிழங்குகளையும் மண்ணுள் புதைத்து வைப்பர். பனி உருகி வசந்தம் வரும்போது அவை முளைவிடும். தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் உறைபனி இல்லை. இங்கே தோட்டத்தை ஆள்வது வடகிழக்குப் பருவமழை. ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்குச் சொன்ன வாக்கு. பூசைக்கு உரிய பூஞ்செடிகளையும் மரக்கன்றுகளையும் வீட்டில் வைத்து வளர்ப்போர்க்குக் கூதிர்காலமே நல்ல பட்டம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது அணுபுரம். கல்பாக்கத்து அணுசக்தி நிறுவனங்களில் பணிபுரிவோர்க்காக எழுந்த குடியிருப்பு நகரம் அது. ஒரு பக்கம் வேதகிரீசுவரர் வீற்றிருக்கும் மலை. மறு பக்கம் தலசயனப் பெருமாள் பள்ளிகொண்ட மாமல்லபுரம். பணியில் இருப்போரின் வீடுகளில் அவர்களுடைய வயது முதிர்ந்த பெற்றோரும் உடன் வாழ்கின்றனர். காலையில் பூக்குடலையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குச் செல்வது பெரும்பாலும் அவர்களே.

அத்தகைய பெரியோர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. பணிக்காலம் முடிந்ததும் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும். இன்று வைக்கும் வில்வம் தழைத்துப் படர்வதற்குள் மகனுக்கோ மகளுக்கோ ஓய்வுபெறும் நாள் வந்துவிடும். தம் வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பறிக்கப் போவது வேறொருவர் என்றால் நட்டு என்ன பயன்? இக்கேள்விக்கு விடை அப்பகுதியின் தல வரலாற்றிலேயே இருக்கிறது.

கடலை இறைக்கத் துணிந்த முனிவர்

புண்டரீக மகரிஷி மாமல்லபுரத்துப் பொய்கையில் தாமரை மலர்களைப் பறித்தார். திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பரந்தாமனின் திருவடிகளில் அவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது அவருடைய வேட்கை. வழியை மறித்து நின்றது கடல். பூக்கூடையைக் கரையில் வைத்துவிட்டு, இரு கைகளாலும் கடல்நீரை முகந்து இறைக்கத் தொடங்கினார். கண்டவர் நகைத்திருக்கக்கூடிய செயல் அது. அவர் கைகள் ஓயவில்லை.

அப்போது முதியவர் ஒருவர் அங்கே வந்து, பசிக்கிறது, உணவு வேண்டும் என்றார். பசித்தவர்க்கு உணவிடுவதே முதற்கடமை எனக் கருதிய முனிவர் உணவு கொண்டுவரப் புறப்பட்டார். திரும்பி வந்தபோது முதியவரைக் காணவில்லை. எம்பெருமானே முனிவரின் தாமரைகளைச் சூடிக்கொண்டு, ஆதிசேடப் பாயலும் இன்றித் தரையிலேயே சயனித்திருந்தார். தலசயனம் என்று பெயர் வந்த வரலாறு இதுவே. உற்சவர் உலகுய்ய நின்றான் திருக்கரத்தில் இன்றும் தாமரை மொட்டு திகழ்கிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான இத்தலத்தின் தாயார் நிலமங்கை நாச்சியார்.

முனிவர் கடலைக் கடக்கவே இல்லை. மலர்கள் போய்ச் சேர்ந்தன. தோட்டத்தில் மண்வெட்டி எடுக்கும் முதியோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

ஆழ்வார் தோன்றிய குருக்கத்தி

முதலாழ்வார் மூவரும் ஐப்பசித் திங்களில் அடுத்தடுத்த நட்சத்திரங்களில் அவதரித்தவர்கள். திருவோணத்தில் பொய்கையாழ்வார் காஞ்சியில் தாமரை மலரிலும், அவிட்டத்தில் பூதத்தாழ்வார் மாமல்லபுரத்தில் குருக்கத்தி மலரிலும், சதயத்தில் பேயாழ்வார் மயிலையில் செவ்வல்லி மலரிலும் தோன்றினர் என்பது குருபரம்பரை வழக்கு. இரண்டாம் திருவந்தாதியை அருளிய பூதத்தாழ்வாரின் அவதார விழா தலசயனப் பெருமாள் கோயிலில் ஐப்பசியில் கொண்டாடப்படுகிறது.

ஆழ்வாரைத் தந்த குருக்கத்தியை இன்று வீடுகளில் காண்பது அரிது. மாதவி என்றும் இதனைச் சொல்வர். வலிய தண்டுடைய கொடி. பந்தலோ சுவரோ மரமோ பற்றுக்கோடாக வேண்டும். வெண்ணிற இதழ்களுள் ஒன்றில் மட்டும் மஞ்சள் தீட்டியது போலிருக்கும், நறுமணம் மிக்கது. காய் மூன்று சிறகுகளுடன் காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். பெரும்பாலும் பனி விலகி வெயில் ஏறும் நாட்களில் பூக்கும்.

குருக்கத்தியைப் பெருக்க எளிய வழி பதியம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் பட்டையைச் சிறிது கீறி, அப்பகுதியை மண்ணுள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். மழைக்கால ஈரத்தில் வேர்விடும். நன்கு வேரூன்றியபின் தாய்க்கொடியிலிருந்து வெட்டிப் பிரித்து நடலாம். பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆழ்வாரின் திருநட்சத்திரத்தை ஒட்டி ஒரு கொடி வைப்பதை வழக்கமாகக் கொண்டால், அவர் பிறந்த பூ அவர் பிறந்த ஊரைச் சுற்றிலும் மீண்டும் மணக்கும்.

முதலில் மண், பிறகு செடி

கூதிர்காலத்தில் செடிக்கு முதற்பகை தேங்கும் நீர். கடலோரத்து மணலில் நீர் நில்லாது. அத்துடன் உரமும் இறங்கிப் போய்விடும். அங்கே குழிக்கு மட்கிய தொழுவுரத்தைச் சற்று மிகுதியாக இட வேண்டும். களிப்பாங்கான நிலத்திலோ வேர் அழுகும். அங்கே தரையைவிட அரையடி உயர்த்திப் பாத்தி கட்டி, ஓரத்தில் வடிகால் எடுப்பது நலம். தொட்டியில் வளர்ப்போர் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று மழைக்கு முன்பே ஒரு குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும்.

மழை செய்யும் நன்மை ஒன்றும் உண்டு. கடலோர மண்ணில் சேரும் உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது அதுவே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. உப்புநீர் புகுந்த நிலங்கள் தேறுவதற்கு அடுத்து வந்த மழைகளே பெரிதும் துணைநின்றன. உப்புக்காற்று நேராக வீசும் இடங்களில் புன்னையும் அரளியும் தாக்குப்பிடிக்கும். புன்னை, அருகிலுள்ள திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாளின் தலமரமுமாகும். பெரிதாக வளரும் மரமாதலால் அதனை வீட்டுச் சுவரை ஒட்டி நடாமல், இடவசதியுள்ள கோயில் வளாகங்களில் உரியோரிடம் கேட்டுக்கொண்டு நடுவது தகும்.

துளசியும் வில்வமும்

வளர்பிறைத் துவாதசியில் கொண்டாடப்படும் பிருந்தாவன துவாதசி ஐப்பசியின் பிற்பகுதியிலோ கார்த்திகையிலோ அமையும். துளசி மாடத்தில் நெல்லிக் கொம்பு ஒன்றை நட்டு, துளசிக்கும் திருமாலுக்கும் திருக்கல்யாணம் நடத்துவது மரபு. அந்நாளை ஒட்டிப் பழைய செடியின் முற்றிய கதிர்களை உதிர்த்துப் புது நாற்று விடலாம். துளசி விதை அணுவை நிகர்த்த சிறுமையுடையது. ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. அகன்ற சட்டியில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, விதையைத் தூவி, மேலே மெல்லிய மண்தூளை மட்டும் தூவ வேண்டும். கொட்டும் மழை விதையை அடித்துச் சென்றுவிடுமாதலால் சட்டி தாழ்வாரத்தின் ஓரத்தில் இருக்கட்டும். நான்கு, ஆறு இலைகள் விட்டதும் மாடத்துக்கு மாற்றலாம். கதிர் தோன்றும்போதே கிள்ளிவந்தால் செடி நெடுநாள் தழைத்திருக்கும். மழை பெய்த நாளில் வழக்கம் தவறக்கூடாது என்று குடம் நீரைச் சாய்க்க வேண்டியதில்லை. ஓர் உத்தரணி நீர் வார்த்து வணங்கினாலே வழிபாடு நிறைவுறும்.

கார்த்திகைச் சோமவாரங்கள் சிவபெருமானுக்கு உரியவை. திருக்கழுக்குன்றத்தில் கடைசிச் சோமவாரத்தில் நிகழும் 1008 சங்காபிஷேகத்தைத் தரிசிக்க அன்பர்கள் திரளாகக் கூடுவர். அந்நாட்களில் கடைத்தெருவில் தேடப்படுவது வில்வம். வில்வப் பழம் கோடையில் பழுக்கிறது. அதன் விதை நாட்பட்டால் முளைப்புத்திறனை இழக்கும். சதையைக் கழுவி நீக்கி உடனே விதைக்க வேண்டும். அவ்வாறு கோடையில் விதைத்த நாற்றைக் குழியில் நடுவதற்குக் கார்த்திகை ஏற்ற காலம். முள் உடையதாகையால் நடைபாதையிலிருந்து தள்ளி, வெயில் படும் இடத்தில் நடுவது நலம். வளர்ச்சி மெதுவாக இருக்கும், பொறுமை வேண்டும்.

சோமவாரத்தன்று வில்வத்தைப் பறிப்பதில்லை என்பது மரபு. முன்னாளே பறித்து வைத்துக்கொள்வர். ஒருமுறை சார்த்திய வில்வத்தையே நீரால் கழுவி மீண்டும் சார்த்தலாம் என்றும் பெரியோர் சொல்வர். துவாதசியில் துளசியைப் பறிக்காமல் விடுவதும் இத்தகையதே. செடிக்கும் ஓய்வு வேண்டும் என்னும் கருணை இவ்விதிகளில் அடங்கியிருக்கிறது.

கவாத்தும் கொம்பு நடவும்

மல்லிகையை ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். ஏற்கெனவே வளர்ந்த செடி இருந்தால் இப்போது செய்ய வேண்டியது கவாத்து. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. தழைத்த செடியை வெட்ட மனம் வராது. வெட்டினால்தான் புதுத்தளிர் வரும். அத்தளிரில்தான் அரும்பு கட்டும். கார்த்திகையில் கவாத்து செய்த குண்டுமல்லி மாசி, பங்குனியில் பூக்கத் தொடங்கும். பங்குனி உத்திரத்துக்கு வீட்டுப்பூ கிடைக்கும்.

செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி ஆகியவற்றைக் கொம்பு வைத்தே வளர்க்கலாம். எழுதுகோல் பருமனுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவின் கீழே சாய்வாக வெட்டி, அடியிலைகளை நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு ஊன்ற வேண்டும். கூதிர்காலத்து ஈரக்காற்றில் கொம்பு வாடாது. வேர்பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. பேரக்குழந்தைகள் ஓடியாடும் வீடுகளில் அதனை எட்டாத இடத்தில் வைப்பதும், தொட்டபின் கைகழுவுவதும் இன்றியமையாதவை.

மார்கழிக் கோலத்துக்குப் பரங்கிப்பூ

மார்கழி வைகறையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாண உருண்டையில் பரங்கிப்பூவைச் செருகி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் அருகிவிட்டது. பூ கிடைக்கவில்லை என்பதே சொல்லப்படும் காரணம். ஐப்பசியின் கடைசி வாரத்தில் இரண்டு பரங்கி விதைகளை ஊன்றினால் அக்குறை நீங்கும். ஏறத்தாழ 40 முதல் 50 நாட்களில் கொடி பூக்கத் தொடங்கும். அப்போது மார்கழி பிறந்திருக்கும். நிலம் நீர் கோத்திருந்தால் மண்ணைக் குவித்து மேட்டின்மேல் ஊன்ற வேண்டும். முதலில் வருபவை ஆண் பூக்கள். மெல்லிய நீண்ட காம்பும், அடியில் பிஞ்சு இல்லாமையும் அவற்றின் அடையாளம். மகரந்தச் சேர்க்கைக்குச் சிலவற்றைக் கொடியில் விட்டு மற்றவற்றைக் கோலத்துக்குப் பறித்தால், வாசலுக்குப் பூவும் சமையலுக்குக் காயும் கிடைக்கும்.

கீரை விதைக்க அவசரம் வேண்டாம். அடைமழையில் நுண்விதைகள் அடித்துச் செல்லப்படும், முளைத்தவையும் அழுகும். கார்த்திகையின் இறுதியில் மழை இடைவெளி விடும்போது முளைக்கீரை, சிறுகீரை, வெந்தயம், கொத்தமல்லி ஆகியவற்றை விதைக்கலாம். கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பது வழக்கம். அகத்தி விதையை வேலியோரத்தில் ஊன்றிவைத்தால், வரும் ஆண்டுகளில் துவாதசிப் பாரணைக்கு வேண்டிய கீரை வீட்டிலேயே இருக்கும்.

புயலும் பெரியோரும்

கார்த்திகை புயற்காலமும் ஆகும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புதிதாக நட்ட கன்றுக்கு மூங்கில் முட்டு கொடுத்து, தண்டை இறுக்காமல் எட்டு வடிவில் துணியாலோ கயிற்றாலோ கட்ட வேண்டும். எச்சரிக்கை வந்ததும் பந்தற்கொடிகளின் சுமையைக் குறைத்து, தொட்டிகளைச் சுவரோரம் சேர்த்துவிடலாம். சாய்ந்த கன்றை மழை ஓய்ந்தவுடன் நிமிர்த்தி மண் அணைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கன்றைக் காப்பது போலவே நடுபவர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். பாசி படிந்த தரை வழுக்கும், செருப்பின்றி இறங்கலாகாது. மழையில் வளை நீர் நிரம்பியதும் பாம்புகள் வெளிவரும். புதர்களில் கைவைக்குமுன் கோலால் தட்டிப் பார்ப்பது நலம். குனிய இயலாதவர்க்கு இடுப்பளவு உயரத்தில் அமைத்த தொட்டிகளே தோட்டம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் கொசு பெருகும்; வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துவிட வேண்டும். குழி தோண்டும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டு, கன்றை வைக்கும் வேலையைத் தாம் வைத்துக்கொள்ளலாம். எதை எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்குச் சார்த்துவது என்பதைக் குழந்தைகள் கற்க அதனினும் நல்ல இடம் இல்லை.

நட்டவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர்

பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும், முருக நாயனார் திருப்புகலூரிலும் நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்தே இறைவனை அடைந்தனர். அவர்கள் நட்ட செடிகள் இன்று இல்லை. திருவில்லிபுத்தூரிலும் திருவரங்கத்திலும் திருப்புகலூரிலும் மாலை சார்த்துவது இன்றும் தொடர்கிறது. யாரோ நட்டார்கள், யாரோ நீர் வார்த்தார்கள், யாரோ பறித்தார்கள்.

சார்த்திக் களைந்த நிர்மால்ய மலர்களைக் கால்படாத ஒரு மூலையில் சிறு குழியில் இட்டு மண்மூடி வந்தால், சில மாதங்களில் கரிய மட்காக மாறும். அதையே வில்வத்துக்கும் குருக்கத்திக்கும் எருவாக இடலாம். இறைவன் திருமேனியில் இருந்த பூ, மீண்டும் அவனுக்கே பூவாகத் திரும்பி வருகிறது.

அணுபுரத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலிசெய்யும் நாளில் தொட்டிச் செடிகள் வண்டியில் ஏறும். தரையில் நட்ட வில்வம் அங்கேயே நிற்கும். அடுத்து வரும் வீட்டார் ஒரு கார்த்திகை ஞாயிறு மாலையில், மறுநாள் சோமவார பூசைக்காக அதன் கீழே நின்று மூன்று தளமுள்ள இலைகளைப் பறிப்பார்கள். நட்டவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அந்த வில்வம் யாருக்குப் போய்ச் சேருகிறதோ அவருக்குத் தெரியும். கடற்கரையில் கைகளால் நீர் இறைத்த முனிவரைத் தேடிவந்து தரையில் சயனித்த பெருமான், கார்த்திகை மழையில் ஈரமண்ணைக் கையால் அணைத்து ஒரு கன்றை நிறுத்தும் முதியவரையும் காண்கிறார். பூசை அங்கேயே தொடங்கிவிடுகிறது.